19 வோல்ட் பாய்ந்த ஹார்ட் டிஸ்க்கும் படிக்க முடியாமல் போன 90 செக்டர்களும்

மாமாவின் ஹார்ட் டிஸ்க் என் மேசைக்கு வந்தபோது அதனுடன் இரண்டு அடாப்டர்களும் வந்தன. ஒன்று அந்த வெளிப்புற டிஸ்க்குடன் விற்கப்பட்ட 12 வோல்ட் அடாப்டர். மற்றது பழைய மடிக்கணினி ஒன்றின் 19 வோல்ட் சார்ஜர். இரண்டின் முனைகளையும் அருகருகே வைத்துப் பார்த்ததுமே நடந்தது ஓரளவு புரிந்துவிட்டது. இரண்டுக்கும் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர். உள்துளை மட்டும் ஒன்றில் 2.1, மற்றதில் 2.5. பெரிய துளை கொண்ட முனை சிறிய ஊசியுள்ள பெட்டியில் தடையின்றி நுழைந்துவிடும்.

"நாலஞ்சு மாசமாவே ரொம்ப மெதுவா இருந்துச்சு மாப்ளே. அடாப்டர்தான் வீக் ஆயிடுச்சுன்னு நெனச்சு மாத்திப் போட்டேன். டப்புன்னு லைட்டு போயிடுச்சு" என்றார் மாமா. அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு வெவ்வேறு பழுதுகள் இருந்தன. வெளிச்சம் அணைந்தது 19 வோல்ட்டால் வந்த பழுது. அதற்கு முன்பே பல மாதங்களாக இருந்த மெதுமை, டிஸ்க்கின் உள்ளே சுழலும், தரவு எழுதப்பட்ட தட்டின் மீதே தொடங்கிவிட்ட வேறொரு பழுது. முதலாவதைச் சரிசெய்த மகிழ்ச்சியில் இரண்டாவதை மறந்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

டிஸ்க்கில் இருந்தவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எடுத்த முடிவுகளெல்லாம் அதைப் பொறுத்தவை. செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் மாமா இளவயதில் டேப் ரெக்கார்டரும் கையுமாக அலைந்து பதிவு செய்த தெருக்கூத்துகள், தாலாட்டுகள், ஒப்பாரிகள் என்று 412 கேசட்டுகள். அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டு வேவ் கோப்புகளாக மாற்றியிருந்தார். ஒரு மணி நேரக் கேசட் ஒன்று, நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம், 16 பிட், இரண்டு தடம் என்ற கணக்கில் 635 மெகாபைட் ஆகும். ஆக மொத்தம் ஏறத்தாழ 260 ஜிகாபைட். ஒவ்வொரு கேசட்டுக்கும் பாடியவர் யார், எந்த ஊர், எந்தத் திருவிழா என்று நாலைந்து வரியில் ஒரு சிறு உரைக் கோப்பு. மீதி, குடும்பப் புகைப்படங்கள். கேசட்டுகளில் பெரும்பாலானவை பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டன. வேறு பிரதி எதுவும் இல்லை.

முதல் நாள்: மின்சாரப் பழுது

பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை வெளியே எடுத்தேன். 3.5 அங்குல வகை, 1 டெராபைட், நிமிடத்துக்கு 7,200 சுற்று. பெட்டிக்குள் இருந்த யுஎஸ்பி பலகையின் மின்சீராக்கி கருகியிருந்ததால் அதை ஓரமாக வைத்துவிட்டேன். சில நிறுவனங்களின் பெட்டிகளில் அந்தப் பலகையே தரவைக் குறியாக்கம் செய்து எழுதும். அப்படிப்பட்டதாக இருந்தால் டிஸ்க்கை மட்டும் வெளியே எடுத்துப் படித்துப் பயனில்லை. இது அந்த வகை இல்லை என்பது பின்னர் உறுதியானது.

கணினியில் நேரடியாக மாட்டாமல், சோதனைக்கென்று வைத்திருக்கும் பழைய எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஒன்றில் இந்த டிஸ்க்கை மட்டும் இணைத்து, அதை இயக்கப் பச்சை ஒயரைக் கறுப்பு ஒயருடன் சேர்த்தேன். விசிறி அரைச் சுற்று அசைந்து நின்றுவிட்டது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடியும் சேர்த்தால் விசிறி ஒழுங்காகச் சுற்றியது. டிஸ்க்கின் மின்பாதையில் எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது என்று பொருள். குறுக்குச்சுற்று என்பதைக் கேட்டுப் பலர் மனம் தளர்ந்துவிடுவார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது.

காரணம் இதுதான். 3.5 அங்குல டிஸ்க்குக்கு இரண்டு மின்னழுத்தங்கள் தேவை: மோட்டாரைச் சுழற்ற 12 வோல்ட், மின்னணுப் பகுதிக்கு 5 வோல்ட். இந்த இரண்டு பாதைகளிலும், மின்னழுத்தம் அளவு மீறும்போது தான் குறுக்குச்சுற்றாகி மற்ற பாகங்களைக் காப்பாற்றும் டையோடு ஒன்றை வைப்பது வழக்கம். தொழிலில் அதை டிவிஎஸ் டையோடு என்பார்கள். 19 வோல்ட் பாய்ந்த கணத்தில் அது தன் வேலையைச் செய்து தன்னைப் பலிகொடுத்திருந்தால், பின்னால் உள்ள மோட்டார் சிப்பும் தட்டுகளைப் படிக்கும் பகுதியும் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு.

டிஸ்க்கின் அடிப்புறத்துப் பச்சைப் பலகையை டி-6 நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரால் கழற்றினேன். சிப்புகளெல்லாம் உட்புறம் பார்த்தபடி இருக்கும். அவற்றின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு நுரையை மெல்ல உரித்தேன். மின் இணைப்பின் அருகே அரிசியை விடச் சற்றுப் பெரிதாக இரண்டு கறுப்பு டையோடுகள். மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து 5 வோல்ட் பக்கத்து டையோடைத் தொட்டால் ஒரு திசையில் மட்டும் கடத்தியது, ஒழுங்காக இருக்கிறது. 12 வோல்ட் பக்கத்தில் ஊசிகளை எப்படி மாற்றி வைத்தாலும் ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது அதன் முதுகில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிந்தது.

சாலிடரிங் அயர்னால் இரு முனைகளிலும் ஈயத்தை உருக்கி, இடுக்கியால் டையோடைத் தூக்கி எடுத்தேன். எடுத்த பின் அதே இரு புள்ளிகளுக்கு இடையே அளந்ததில் குறுக்குச்சுற்று இல்லை. இனி இந்த டிஸ்க்குக்கு 12 வோல்ட் பக்கத்தில் கவசம் கிடையாது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரே ஒருமுறை தரவை எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். கைவசம் அழிரப்பர் இருந்ததால், பலகையிலிருந்து மோட்டாருக்கும் தட்டுகளைப் படிக்கும் ஹெட்டுகளுக்கும் போகும் தொடுபுள்ளிகளில் படிந்திருந்த கறுப்பையும் தேய்த்து நீக்கினேன். பழைய டிஸ்க்குகளில் அந்தக் கறுப்பே தனியாக ஒரு பழுதுக்குக் காரணமாவது உண்டு.

இந்த இடத்தில் கடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு யோசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே மாடல் டிஸ்க் ஒன்றை வாங்கி அதன் பலகையை இதில் மாட்டிவிடலாம் என்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படிச் செய்து தோற்றிருக்கிறேன். தொழிற்சாலையில் ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுகளையும் தனித்தனியாக அளந்து, அவற்றுக்கு உரிய திருத்த எண்களைப் பலகையில் உள்ள எட்டுக் கால் சிப் ஒன்றில் எழுதியிருப்பார்கள். ஒரே மாடலாக இருந்தாலும் ஒன்றின் எண்கள் மற்றொன்றுக்குப் பொருந்தா. பலகையை மாற்றுவதாக இருந்தால் அந்தச் சிப்பையும் பெயர்த்துப் புதிய பலகையில் பற்றவைக்க வேண்டும். டையோடை மட்டும் நீக்கினால் போதும் என்ற நிலையில் அந்த வழிக்கே போகக் கூடாது.

பலகையைத் திருப்பி மாட்டி, எஸ்எம்பிஎஸ்ஸை இயக்கினேன். மெல்லிய சீறல் எழுந்து, ஏறி, ஒரே சுருதியில் நின்றது. பிறகு ஹெட்டுகள் இறங்கும் இரண்டு மெல்லிய சத்தங்கள். 'டக், டக்' என்று இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தால் ஹெட்டுகள் போய்விட்டன என்று முடிவு செய்திருப்பேன். அப்படி எதுவும் இல்லை. உடனே மின்சாரத்தை நிறுத்தினேன். அன்றைக்கு அது போதும்.

இரண்டாம் நாள்: எதையும் எழுதவிடாமல் படிப்பது

புதிதாக 2 டெராபைட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொடங்கினேன். நோயுற்ற டிஸ்க்கை விண்டோஸில் மாட்டக் கூடாது. மாட்டியவுடன் அது கோப்பு முறைமையைத் திறந்து, பதிவேட்டில் எழுதி, 'பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா' என்று கேட்கும். சரிசெய்ய விட்டால், படிக்க முடியாத பகுதியைத் தனக்குத் தெரிந்தவரை எழுதி மூடிவிடும். பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸில், தானாக டிஸ்க்கைத் திறக்கும் வசதியை அணைத்துவிட்டு இணைத்தேன்.

195 கோடியே 35 லட்சத்து 25 ஆயிரத்து 168 செக்டர்கள் என்று டிஸ்க் தன்னை அறிவித்துக்கொண்டது. தரவைப் படிக்கவும் எழுதவும் பயன்படும் மிகச் சிறிய துண்டுதான் செக்டர். ஒவ்வொன்றும் 512 பைட். 1 டெராபைட் டிஸ்க்குக்கு உரிய முழு எண்ணிக்கை அதுதான். பூஜ்யமோ வேறு அபத்தமான எண்ணோ காட்டியிருந்தால் உள்மென்பொருளே பழுது என்று பொருள். உண்மையில் இந்தத் தலைமுறை டிஸ்க் தட்டின் மீது 4,096 பைட் அளவுள்ள செக்டர்களாகவே எழுதுகிறது. பழைய மென்பொருள்களுக்காக ஒவ்வொன்றையும் எட்டாகப் பிரித்துக் காட்டுகிறது. இந்த எட்டு என்ற எண் பின்னால் உதவியது.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பட்டியலை அடுத்து எடுத்தேன். அதில் எண் 5, எண் 197 என்ற இரண்டு வரிகளைத்தான் முதலில் பார்ப்பேன். எண் 5, பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை: 56. எண் 197, படிக்க முடியாமல் தவித்து முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள்: 184. எட்டால் வகுத்தால் 23 உண்மையான செக்டர்கள். கேபிள் கோளாறைக் காட்டும் 199-ஆவது வரி பூஜ்யம். ஆகவே குற்றம் கம்பியில் இல்லை.

காத்திருக்கும் செக்டர் என்பதன் பொருளைப் புரிந்துகொண்டால் மாமா சொன்ன மெதுமையின் காரணமும் விளங்கும். ஒரு செக்டரைப் படிக்கும்போது அதனுடன் எழுதப்பட்ட திருத்தக் குறியீட்டால்கூடச் சரிசெய்ய முடியாத பிழை வந்தால், டிஸ்க் விட்டுவிடாது. ஹெட்டை இம்மியளவு நகர்த்தி மறுபடி மறுபடி முயலும். ஒரு செக்டருக்குப் பல நொடிகள் போகும். கோப்புறை திறக்க ஒரு நிமிடம் ஆனது இதனால்தான். அப்படியும் முடியாவிட்டால் அந்தச் செக்டரைப் பட்டியலில் எழுதிவைத்துக் காத்திருக்கும். என்றாவது ஒருநாள் அதே இடத்தில் ஏதாவது எழுதச் சொன்னால்தான், தேவைப்பட்டால் மாற்று இடத்துக்குக் கொண்டுபோகும். அந்தக் கணத்தில் பழைய தரவு போய்விடும். எழுதாத வரை, நூறாவது முயற்சியிலாவது படிக்கும் வாய்ப்பு உயிரோடு இருக்கிறது. நோயுற்ற டிஸ்க்கில் எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதைத் தவிர வேறில்லை.

பிரதி எடுக்க டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுத்தால், முதல் கெட்ட செக்டரிலேயே நின்று அதை உலுக்கிக்கொண்டிருக்கும். அதற்குள் ஹெட் செத்துவிட்டால் நல்ல பகுதியும் கிடைக்காது. டிடிரெஸ்க்யூ நேர்மாறாக நடந்துகொள்ளும். பிழை வந்ததும் அந்த இடத்தைத் தாண்டிப் போகும். மறுபடியும் பிழை வந்தால் தாண்டும் தூரத்தை இரட்டிப்பாக்கும். எளிதில் கிடைப்பதையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, தாண்டிய இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே எடுத்தாயிற்று, எங்கே பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும்: எடுத்ததற்குக் கூட்டல் குறி, தோற்றதற்குக் கழித்தல் குறி, இன்னும் தொடாததற்குக் கேள்விக்குறி. அந்த வரைபடக் கோப்பைப் புதிய டிஸ்க்கில் வைப்பது அவசியம்; பென் டிரைவ் லினக்ஸின் நினைவகத்தில் வைத்தால் மின்சாரம் போனதும் அதுவும் போய்விடும்.

கெட்ட இடங்களை ஒவ்வொரு செக்டராகத் துருவி எடுக்கும் கட்டத்தை நிறுத்திவைத்து முதல் ஓட்டத்தைத் தொடங்கினேன். நொடிக்கு 128 மெகாபைட்டில் ஆரம்பித்தது. தட்டின் வெளிவிளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிகச் செக்டர்கள் உண்டு, செக்டர் எண் பூஜ்யம் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளே போகப் போக வேகம் குறைந்து முடிவில் பாதியாவது இயல்பு. பக்கத்தில் ஒரு மேசை விசிறியை வைத்து டிஸ்க்கின் வெப்பம் 40 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். 214-ஆவது ஜிகாபைட் அருகே வேகம் திடீரென்று விழுந்தது, மென்பொருள் தாண்டியது, மீண்டும் ஓடியது. 217-இல் மறுபடி. பிறகு 640 வரை ஒரு தடங்கலும் இல்லை.

தடங்கல்கள் விழும் ஒழுங்கைக் கவனிப்பது முக்கியம். தட்டுகளின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஹெட் உண்டு. டிஸ்க் ஒரு பக்கத்தில் கொஞ்சம், அடுத்த பக்கத்தில் கொஞ்சம் என்று மாறி மாறி எழுதிக்கொண்டு போகும். ஒரு ஹெட் மட்டும் நலிந்திருந்தால், சீரான இடைவெளியில் டிஸ்க் முழுவதும் ஓட்டைகள் விழும். இங்கே மூன்றே இடங்களில் கொத்தாக விழுந்தன. ஆகவே ஹெட்டுகள் நலம், தட்டில்தான் குறிப்பிட்ட இடங்களில் காயம் என்று ஊகித்தேன். நாலேகால் மணி நேரத்தில் முதல் ஓட்டம் முடிந்தபோது பாக்கி 214 மெகாபைட். அதாவது 99.97 விழுக்காட்டுக்கு மேல் கைக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தச் சாவு வீட்டுக் கூத்து இருக்கா பாரு" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் இரவு: துருவல்

அடுத்த ஓட்டத்தைப் பின்னாலிருந்து முன்னோக்கி நடத்தினேன். கொத்தின் பின்விளிம்பு அப்போதுதான் சரியாகத் தெரியும். தாண்டியதில் வீணாக விட்டுப்போன நல்ல செக்டர்கள் நிறைய உள்ளே இருக்கும். பாக்கி 214 மெகாபைட்டிலிருந்து 9 மெகாபைட்டுக்கு விரைவாகவே இறங்கியது. அதன் பிறகுதான் துருவல்: ஒவ்வொரு செக்டராகக் கேட்பது. இது இரவு முழுவதும் ஓடும் வேலை. ஹெட் திரும்பத் திரும்பத் தன் இடத்தைத் தேடும் மெல்லிய கரகரப்பு மட்டும் அறையில் கேட்டுக்கொண்டிருந்தது.

விடியற்காலை இரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. கணினிக்கு யுபிஎஸ் இருந்தது. ஆனால் டிஸ்க்கைத் தனி எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டியிருந்தேன், அதற்கு யுபிஎஸ் இணைப்புக் கொடுக்க மறந்திருந்தேன். சீறல் சுருதி இறங்கி அடங்கியதைக் கேட்டுக்கொண்டே இருட்டில் உட்கார்ந்திருந்தேன். சுழற்சி நிற்கும்போது மோட்டாரில் மிஞ்சியிருக்கும் விசையிலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டுகளை ஓரத்துக்கு ஒதுக்கும் ஏற்பாடு எல்லா டிஸ்க்கிலும் உண்டு என்று அறிவேன். அறிந்திருந்தும் மனம் அமைதியாகவில்லை. 40 நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. டிஸ்க் மீண்டும் சுழன்றது. வரைபடக் கோப்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை சேமிக்கப்பட்டிருந்ததால், விட்ட இடத்திலிருந்தே துருவல் தொடர்ந்தது. எஸ்எம்பிஎஸ்ஸை யுபிஎஸ்ஸுக்கு மாற்றிய பிறகே படுத்தேன்.

மறுநாள் மாலை, எஞ்சியவற்றுக்கு மேலும் மூன்று சுற்று முயற்சியையும் முடித்தபோது பாக்கி 3,68,640 பைட். 4,096-ஆல் வகுத்தால் சரியாக 90 செக்டர்கள். டிஸ்க் முழுவதிலும் இருப்பவை 24 கோடியே 41 லட்சத்துக்கும் மேல். கடைசிச் சுற்றில் ஒரு செக்டர்கூடப் புதிதாகக் கிடைக்காததால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். டிஸ்க்கை வெளியே எடுத்து, அதன் மேல் தேதி எழுதி ஒட்டினேன்.

90 செக்டர்கள் எங்கே விழுந்தன

இந்த வேலையில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இதற்குப் பிந்தைய கட்டத்தில்தான். 3,68,640 பைட் என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. அந்த 90 செக்டர்களும் எந்தக் கோப்பின் எந்த இடத்தில் இருந்தன என்பதே இழப்பின் அளவு.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எடுத்த பிரதியில், படிக்க முடியாமல் போன இடங்களை மட்டும் ஓர் அடையாளச் சொல்லால் நிரப்பும்படி டிடிரெஸ்க்யூவிடம் சொல்லலாம். பிறகு பிரதியைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் திறந்து, எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினால், காயம்பட்ட கோப்புகளின் பட்டியல் கிடைத்துவிடும். அப்படித் தேடியதில் 61 செக்டர்கள் ஒலிப்பதிவுகளிலும், 17 செக்டர்கள் நான்கு புகைப்படங்களிலும், 9 எதுவும் எழுதப்படாத வெற்றிடத்திலும் விழுந்திருந்தன. மீதி 3, கோப்பு முறைமையின் தலைமைப் பட்டியலில் விழுந்திருந்தன.

ஒலிப்பதிவுக்கு நேர்ந்த இழப்பே மிகக் குறைவானது. வேவ் கோப்பில் எந்தச் சுருக்கமும் இல்லை. மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. ஒரு செக்டர் போனால் 1,024 மாதிரிகள் போகும். 44,100-ஆல் வகுத்தால் 0.023 நொடி. கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்றும் ஒற்றுக்கு அரை மாத்திரை என்றும் இலக்கணத்தில் படித்திருக்கிறோம். இது அந்த அரை மாத்திரையை விடவும் சிறியது. அடையாளச் சொல்லை அப்படியே விட்டால் அந்த இடத்தில் 'பர்ர்' என்று இரைச்சல் கேட்கும் என்பதால், அங்கே பூஜ்யங்களை நிரப்பினேன். பூஜ்யம் என்றால் மௌனம். ஹெட்ஃபோனில் கூர்ந்து கேட்டால் மண்ணெண்ணெய் விளக்கின் திரி பொறிவது போல ஒரு சிறு 'டிக்' கேட்கிறது. மிக நீளமான காயம் அடுத்தடுத்து 7 செக்டர்கள்: 0.16 நொடி. கட்டியங்காரன் 'வந்தாரே' என்று இழுக்கும் இடத்தில் ஓர் உயிர்மெய் காணாமல் போயிருக்கிறது. மாமா கேட்ட சாவு வீட்டுக் கூத்து பழுதில்லாமல் இருக்கிறது.

புகைப்படங்கள் அப்படியல்ல. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு துணுக்கும் முந்தைய துணுக்கைச் சார்ந்து சுருக்கி எழுதப்படுகிறது. நடுவில் 4,096 பைட் போனால், அதற்குக் கீழே உள்ள முழுப் படமும் நிறம் மாறியோ சாம்பல் பூசியோ போகிறது. மூன்று படங்களில் மேல்பாதி மட்டும் தெரிகிறது. நான்காவதில் தலைப்பகுதியிலேயே காயம், திறக்கவே இல்லை. மூன்றில் இரண்டு படங்களின் தலைப்பில் கேமரா எழுதிவைத்த முன்னோட்டப் படம், 160-க்கு 120 புள்ளி அளவில், முழுதாக இருந்தது. அத்தையின் கல்யாண வரிசைப் படத்தில் யார் யார் நின்றார்கள் என்பதையாவது அதை வைத்துச் சொல்ல முடிந்தது.

அந்த 3 செக்டர்களின் விளைவே பெரிது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 1,024 பைட் அளவில் ஒரு பதிவு உண்டு: பெயர், தேதி, தட்டில் எங்கெங்கே இருக்கிறது என்ற முகவரி எல்லாம் அதில்தான். ஒரு செக்டரில் நான்கு பதிவுகள். ஆக 12 கோப்புகள் பெயரும் முகவரியும் இன்றிப் போயின. கேசட்டுகளுக்கு மாமா 1 முதல் 412 வரை எண் கொடுத்திருந்ததால் எவை விடுபட்டன என்று கண்டுபிடிக்க முடிந்தது: நான்கு ஒலிப்பதிவுகள், ஐந்து குறிப்புகள். எஞ்சிய மூன்று, புகைப்படங்கள்.

முகவரி போனாலும் பொருள் தட்டில் இருக்கும். ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் முகவரியைப் பார்க்காமல், ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்க அடையாளத்தைத் தேடி எடுக்கும். வேவ் கோப்பின் தொடக்கத்திலேயே அதன் மொத்த நீளமும் எழுதப்பட்டிருப்பதால், கோப்பு துண்டாகாமல் தொடர்ச்சியாக இருந்தால் அச்சுப் பிசகாமல் வந்துவிடும். மூன்று படங்களும் மூன்று ஒலிப்பதிவுகளும் அப்படி வந்தன. நான்காவது ஒலிப்பதிவு தட்டில் மூன்று துண்டுகளாகக் கிடந்திருக்க வேண்டும். முதல் 22 நிமிடம் மட்டும் கேட்கிறது, பிறகு வேறொரு கோப்பின் இரைச்சல்.

ஐந்து குறிப்புகளும் திரும்பவில்லை. அதன் காரணம் எனக்கு அன்றுதான் கண்முன் விளங்கியது. ஏறத்தாழ 700 பைட்டுக்கு உட்பட்ட சிறு கோப்புகளுக்கு என்டிஎஃப்எஸ் தட்டில் தனி இடம் ஒதுக்குவதில்லை. அந்த 1,024 பைட் பதிவுக்குள்ளேயே உள்ளடக்கத்தையும் வைத்துவிடுகிறது. எழுத்துகளைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்பதற்கு 3 பைட், 'கி' என்பதற்கு 6 பைட். நூறு எழுத்துக்குச் சற்று அதிகமாக எழுதிய மாமாவின் குறிப்புகள் எல்லாமே அந்த அளவுக்குள் அடங்கிவிட்டன. முகவரி எழுதிய சீட்டிலேயே கடிதமும் இருந்தது. சீட்டு போனதும் கடிதமும் போயிற்று. 635 மெகாபைட் பதிவுகள் தப்பிய இடத்தில் 600 பைட் குறிப்புகள் தப்பவில்லை.

திறந்து பார்த்தது

எல்லாப் பிரதிகளும் சரிபார்த்து முடிந்த பிறகு, மாமாவின் அனுமதியுடன் பழைய டிஸ்க்கைத் திறந்தேன். டி-8 திருகுகள், ஒன்று எப்போதும் ஒட்டுத்தாளின் அடியில் ஒளிந்திருக்கும். உள்ளே இரண்டு அலுமினியத் தட்டுகள், முகம் பார்க்கும் கண்ணாடி போல. டிஸ்க் சுழலும்போது வெளிவிளிம்பு நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, மணிக்கு ஏறத்தாழ 129 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எழும் காற்றின் மேல், ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஹெட், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து படிக்கிறது. கைரேகைக் கறைகூட அதற்கு மலை. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது மேல் தட்டில், வெளிவிளிம்பிலிருந்து சற்று உள்ளே, பட்டு நூல் போல ஒரு வளையக் கோடு தெரிந்தது. 214, 217 ஜிகாபைட் தடங்கல்கள் அங்கேயே விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மூலையில் இருந்த வெள்ளை வடிகட்டித் துண்டில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது.

1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் சாதனத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. கொள்ளளவு, எழுத்துக்கு 6 பிட் வீதம், 50 லட்சம் எழுத்துகள். மாமாவின் ஒரு கேசட்டை வைக்க அப்படிப்பட்ட இயந்திரங்கள் ஏறத்தாழ 170 வேண்டியிருக்கும். உள்ளங்கையில் இருந்த தட்டைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது பதிவுகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வீடுகளில் இருக்கின்றன. சுழலும் தட்டே இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்கலாமே என்று தம்பி கேட்டான். தினமும் பயன்படுத்தும் கணினிக்கு அதுதான் நல்லது. ஆனால் அது மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைத்தே தரவைக் காக்கிறது, மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அந்த ஊட்டம் மெல்லக் கசியும். ஆண்டுக்கு இருமுறை எடுத்துப் பார்க்கும் சேமிப்புக்கு நான் இன்னும் சுழலும் தட்டையே நம்புகிறேன். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் கணக்கிட்டு ஒரு பட்டியல் போட்டுவைத்திருக்கிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் அதை ஓட்டி ஒப்பிடுவதாக ஏற்பாடு. தப்பிய 407 குறிப்புகளையும் ஒரே கோப்பாகச் சேர்த்து, தாளிலும் அச்சிட்டாயிற்று. 12 வோல்ட் அடாப்டரின் முனையில் சிவப்பு நாடா சுற்றி, டிஸ்க் பெட்டியின் துளையருகிலும் அதே சிவப்பை ஒட்டியிருக்கிறேன்.

குறிப்புகள் தொலைந்த ஐந்து கேசட்டுகளின் ஒலியை மாமாவின் செல்பேசியில் ஏற்றிக் கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மூன்றின் குறிப்புகளைக் கையால் எழுதி அனுப்பினார். மற்ற இரண்டில் ஒன்றில் ஒப்பாரி பாடும் குரல் யாருடையது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஊருக்குப் போய்க் கேட்டு வருகிறேன் என்றிருக்கிறார்.